பதினோராம் பக்கத்து ஆள்

அத்தியாயம் 14

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் சர்வேயருக்குத் தொண்டையில் டீ இறங்காது. அன்று காலை மூன்றாவது டம்ளரும் ஆறி, மேலே ஏடு கட்டிக் கிடந்தது.

விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து, இது நேற்று இடித்ததா, நாலு மாதம் முன்னால் இடித்து வைத்திருந்ததா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் வேலை. இருபத்தைந்து வருடம் பொய் சொல்கிறவர்களோடேயே பேசிப் பழகிவிட்டதால், யாராவது உண்மை சொன்னால் அவருக்கு ஒரு மாதிரி இருக்கும். வீட்டிலும் அவரைச் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்ற அப்பாவே அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த அப்பாவைப் பற்றித்தான் இப்போது சந்தேகம்.

தொண்ணூற்றொரு வயது வரை கத்தரி பிடித்த தையல் மாஸ்டர் போய்ச் சரியாக ஒரு மாதம். அன்று மாலை ஐந்து மணிக்கு, தையல் கடைகள் இருக்கும் தெருவின் மாடி ஹாலில் நினைவுக் கூட்டம். மகன் பேச வேண்டும். பேச்சைப் பத்து நாள் முன்பே எழுதியாகிவிட்டது. முதல் வரி, ‘குடும்பமே உலகம் என்று வாழ்ந்தவர் எங்கள் அப்பா.’ அந்த வரியில்தான் முள் தைத்திருந்தது.

போன வாரம் விட்ட இடத்தை மறந்தவர்களுக்கும், ‘அந்தச் சட்டைக்காரன் யார், சொல்லித் தொலையுங்கள்’ என்று கடிதம் எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை.

இந்தக் குடும்பத்தில் ‘அளவு நாள்’ என்று ஒன்று உண்டு. வருடம் பிறந்து வரும் முதல் விடுமுறையில் மாஸ்டர் வீட்டார் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி டேப் வைப்பார். ஆளுக்கு ஒரு துணி தைப்பார். கடைசிப் பட்டனை மட்டும் உள்பக்கம் சிவப்பு நூலால் கட்டுவார். அந்தச் சிவப்பு நூல் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான். வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கிடையாது.

அளவெல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறும். ஆளுக்கு ஒரு பக்கம், வருடத்துக்கு ஒரு வரி. பக்கத்தின் தலையில் செல்லப் பெயர்.

மாஸ்டரின் கடைசி யாத்திரையில், யாருக்கும் தெரியாத ஒருவன் வந்து பூ வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனான். அவன் குனிந்தபோது சட்டையின் கடைசிப் பட்டனில் சிவப்பு நூல் தெரிந்தது. மூன்று நாள் முன்பு சர்வேயர் அந்த நோட்டைப் புரட்டினார். பதினோராம் பக்கத்தின் தலையில் பெயர் இல்லை. கீழே முப்பத்திரண்டு வரிகள். இருபத்திரண்டு இஞ்சு மார்போடு தொடங்கிய ஒரு பிள்ளை, வருடா வருடம் வளர்ந்து முழு ஆளாகி நின்றது. ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘இடது தோள் அரை இஞ்சு இறக்கம்.’

அந்த இறக்கம் இந்த வம்சத்துச் சொத்து. மாஸ்டருக்கு உண்டு, சர்வேயருக்கு உண்டு, அவருடைய அக்காவுக்கும் உண்டு.

“நம்ம ரத்தம்தான். அதுல சந்தேகமே இல்லை” என்றார் சர்வேயர், குரலைத் தாழ்த்தி. “அப்பாவுக்கு எங்கேயோ இன்னொரு வீடு இருந்திருக்கு.”

எதிரே நின்ற மனைவிக்குப் பெயர் கத்தரி. மாமனார் வைத்தது. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவாள் என்பதால் வந்த பெயர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனாரின் கடையில் வேலை பார்த்து, இப்போது கடையே அவள் கையில்.

“மாமா கடையை விட்டு நகர்ந்தாத்தானே இன்னொரு வீடு?” என்றாள் அவள். “காலைல ஒன்பதுக்கு உக்காந்தா ராத்திரி எட்டு. சாப்பாடே நான்தான் கொண்டு போவேன்.”

“அளவு நாளுக்கு மறு வாரம் ஒரு நாள் மட்டும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரே, எங்கேன்னு என்னிக்காவது கேட்டியா?”

அவள் கேட்டதில்லை. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டாள்.

“சாது மிரண்டா காடு கொள்ளாதும்பாங்க. நம்ம சாது மிரளாமலே காரியத்தை முடிச்சிருக்கு” என்றார் சர்வேயர். “அந்த ஆளோட பைக் நம்பரை அன்னிக்கே குறிச்சு வச்சேன். வீல் அலைன்மென்ட் கடையில வேலை. இப்போ போறேன். நீயும் வா.”

“நான் எதுக்கு?”

“எனக்குக் காரைத்தான் பாக்கத் தெரியும். சட்டையைப் பாக்க நீ வேணும்.”

அடுத்த அறையில் அக்கா தரையில் உட்கார்ந்து, கூட்டத்துக்காக அப்பாவின் படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் முப்பது வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்த கை, அவசரமே இல்லாமல் பசை தடவியது. சின்ன வயதிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். பிறகு கணவரும் போய், அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். அவளுக்கு மிச்சம் இருந்தது அப்பா மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான்.

“அக்காவுக்கு இது தெரியவே கூடாது” என்றார் சர்வேயர், நோட்டைத் தோள் பையில் திணித்துக்கொண்டே. “தாங்க மாட்டா.”

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கத்தரி அவரோடு சண்டை போடவில்லை.

அலைன்மென்ட் கடையில் ஒரு வெள்ளைக் கார் மேலே தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு அடியிலிருந்து அவன் வெளியே வந்தான். முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். கையெல்லாம் கிரீஸ். சர்வேயரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான்.

“பெரியவரோட பிள்ளை இல்லையா சார் நீங்க? அன்னிக்குப் பேசணும்னுதான் நெனச்சேன். அழுதுட்டு இருந்தீங்க.”

“உங்க அம்மா பேர் என்ன?” என்றார் சர்வேயர்.

எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அவன் முகம் மாறியது. கத்தரி நடுவில் புகுந்தாள்.

“தம்பி, அவர் கேட்டதை விடுங்க. அன்னிக்குப் போட்டிருந்த சட்டை இங்க இருக்கா?”

இருந்தது. வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்வதற்காக ஆணியில் மாட்டியிருந்தான். கையைக் கழுவி, துடைத்து, பனியன் மேல் அதை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். கத்தரி கடைசிப் பட்டனைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு நூல். மாமனாரின் முடிச்சு. அது மாதிரி முடிச்சு அவளுக்கே வராது.

“இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?” சர்வேயரின் குரலில் இன்ஷூரன்ஸ் விசாரணைத் தொனி ஏறியிருந்தது.

“போன வருஷம் சார். எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்கில்ல, அங்க ஒரு பெரியவர் ஒரு மணி நேரமா நின்னு எங்களையே பாத்துட்டு இருந்தாரு. என்ன வேணும்னு கேக்கப் போனேன். ‘ஒரு நிமிஷம் நேரா நில்லுப்பா’ன்னாரு. வயசு கேட்டாரு. முப்பத்தஞ்சுன்னேன். ‘சரியா இருக்கும்’னு பையிலேர்ந்து இதை எடுத்துக் கொடுத்துட்டாரு.”

“சும்மாவா?”

“சும்மாதான் சார். நானும் உங்கள மாதிரியே சந்தேகப்பட்டேன். இந்தக் காலத்துல யாரு சும்மா கொடுப்பாங்க? ‘போட்டுக்கோப்பா, அது போதும்’னாரு. அதுக்கப்புறம் அவரைப் பாக்கவே இல்லை. பேப்பர்ல படம் போட்டிருந்தீங்கல்ல, அதைப் பாத்துத்தான் வந்தேன். இந்தச் சட்டையிலேயே வரணும்னு தோணுச்சு.”

சர்வேயர் உதட்டைப் பிதுக்கினார். நசுங்கிய பம்பரைப் பார்ப்பது போலவே அந்த மனிதனைப் பார்த்தார்.

ஆனால் கத்தரி பார்த்தது தோளை. அவன் நேராக நின்றிருந்தான். இரண்டு தோளும் பலகை மாதிரி ஒரே மட்டம். சட்டையில்தான் கோளாறு. இடது தோளில் துணி மேலே எக்கி, கழுத்தோரம் ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

“இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் இழுக்கும்” என்றான் அவன், அவள் பார்வையைக் கவனித்து. “வயசானவர், கண்ணு தப்பியிருக்கும்னு விட்டுட்டேன்.”

“எங்க மாமா கத்தரி ஒரு நூல் தப்பாது” என்றாள் அவள், கொஞ்சம் சூடாகவே. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “இடது தோளை இறக்கி வெட்டியிருக்குங்க. வேணும்னே வெட்டினது. இது இவருக்கு வெட்டின சட்டையே இல்லை.”

வண்டியில் திரும்பும்போது சர்வேயருக்குச் சந்தேகம் குறைந்திருக்க வேண்டும். இரண்டு மடங்காகியிருந்தது.

“அப்போ நெஜமான ஆளு வேற எங்கேயோ இருக்கான். அவனுக்குத் தெச்ச சட்டை அவன் வாங்கலை. கோபம் போல. அதான் வழியில போறவனுக்குக் கொடுத்திருக்காரு.”

“நோட்டைக் கொடுங்க.”

“எதுக்கு?”

“மூணு நாளா நீங்களே வச்சிருக்கீங்க. அளவு பாக்கறது என் தொழில். கொடுங்க.”

வேண்டா வெறுப்பாகப் பையைத் தள்ளினார். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவள் பதினோராம் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள். முதல் வரியில் கை நீளம் எழுதவில்லை. மாஸ்டர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அவள் பார்த்ததே இல்லை. இரண்டாவது வரியிலிருந்து எல்லாம் ஒழுங்கு. மார்பு வருடத்துக்கு ஒரு இஞ்சு. முதல் பதினைந்து வருடம் அப்படியே. அதற்குப் பிறகு கால் இஞ்சு, கால் இஞ்சு.

ஒழுங்கு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

“என்னங்க, முப்பத்திரண்டு வருஷத்துல இந்த ஆளு ஒரு தடவை கூட இளைக்கலை.”

“நல்லா சாப்பிட்டிருப்பான்.”

“திடீர்னு வயிறும் போடலை. காய்ச்சல்ல படுக்கலை. உங்க பக்கத்தை எடுத்துப் பாருங்க, இடுப்பு ஏறி இறங்கி, ஏறி ஏறி நிக்குது. உடம்புன்னா அப்படித்தான் இருக்கும். இது டேப் வச்சு எடுத்த அளவு மாதிரியே தெரியலைங்க.”

“அப்போ எப்படி எழுதினாராம், ஜோசியம் பாத்தா?”

அவள் தாளைத் திருப்பப் போனாள். திரும்பவில்லை. அதுவும் பின்னாலிருந்த தாளும் ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்து ஒன்றாக இருந்தன.

“பின்னாடி வெத்துத் தாள்” என்று சர்வேயர் கை நீட்டி நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சிக்னல் பச்சையானது.

வீட்டு வாசலிலேயே அக்கா நின்றாள். படங்கள் ஒட்டிய அட்டை சுவரில் சாய்ந்திருந்தது. நடுவில் ஒரு இடம் காலியாக விட்டிருந்தாள்.

“அப்பாவோட அளவு நோட்டை இங்க வைக்கலாம்னு பாக்கறேன். அலமாரியில இல்லை. யார் எடுத்தது?”

“நோட்டெல்லாம் எதுக்கு அக்கா கூட்டத்துல?”

“அதானேடா அவர் வாழ்க்கை. உன் பையில நீட்டிட்டு இருக்கே, அது என்ன?”

சர்வேயர் பையை முதுகுப்பக்கம் நகர்த்தினார். அறுபத்து மூன்று வயது அக்காவுக்கும் ஐம்பத்திரண்டு வயது தம்பிக்கும் நடுவே, சின்னப் பிள்ளைகள் பொம்மைக்கு நிற்பதுபோல ஒரு போட்டி நடந்தது. பார்க்கச் சிரிப்புத்தான் வந்திருக்கும், அவர் முகம் அப்படி வெளுக்காமல் இருந்திருந்தால்.

“வேண்டாம் அக்கா. அதுல ஒரு பக்கம் இருக்கு. நீ தாங்க மாட்டே.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் தாங்காதது இன்னும் என்னடா பாக்கி இருக்கு?”

 சர்வேயர் நோட்டை எடுத்து, பதினோராம் பக்கத்தைத் தானே பிரித்து, கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். இன்னொரு வீடு, தோள் இறக்கம், சிவப்பு நூல், யாரோ ஒரு பிள்ளை. “இவ்ளோ வருஷம் நம்மகூட உக்காந்து சாப்பிட்டுட்டு, இப்படி ஒருத்தனை மறைச்சு வளத்திருக்காரு. இன்னைக்கு மேடையில ஏறி அவரைப் புகழ என் வாய் வராது” என்று முடித்தார்.

அக்கா அதில் ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். விரல் முதல் வரியிலேயே நின்றது.

“கத்தரி, இங்க கை நீளம் எழுதலை பாத்தியா?”

“பாத்தேன் அண்ணி. அதான் புரியலை. மாமா அப்படி விடமாட்டாரே.”

“வலது கையில ட்ரிப்ஸ் ஏறிட்டு இருந்துச்சும்மா. இடது கையை நெஞ்சு மேல மடக்கி வச்சுத் தூங்கிட்டு இருந்தான். எழுப்ப மனசு வரலை.”

அக்காவின் விரல் அந்தக் காலிக் கட்டத்தைத் தடவியது.

“அந்த வருஷம் அளவு நாள்ல நானும் அவனும் ஆஸ்பத்திரியில இருந்தோம். ‘சட்டை தெச்சு வைக்கிறேன், வீட்டுக்கு வரும்போது போட்டுட்டு வரட்டும், அளவு மட்டும் எடுத்துச் சொல்லு’ன்னு அப்பா போன் பண்ணாரு. நர்ஸ்கிட்ட டேப் வாங்கி நான்தான் எடுத்தேன். மார்பு இருபத்திரண்டு. தோள் ஒன்பதரை. கை எடுக்கலைப்பான்னு சொன்னேன். ‘பரவால்லம்மா, நான் பாத்துக்கறேன்’னாரு.”

அவள் குரல் உடைந்தது. உடைந்தும் நிற்கவில்லை.

“அவன் வீட்டுக்கு வரலை. ஏழாம் பக்கம்தான் அவனோடது. அதைக் கண்ணால பாக்க முடியலை, கிழிச்சிடுங்கப்பான்னு கத்தினேன். என் கண்ணு முன்னாலேயே கிழிச்சாரு. ஒரு வார்த்தை சொல்லலை.” விரல் மெல்லக் கீழே இறங்கியது. “கிழிச்சிட்டு, இங்க கொண்டு வந்து வச்சிருக்காரு. இது வேற யாரும் இல்லடா. இது என் பிள்ளை.”

கத்தரிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இளைக்காத உடம்பு. காய்ச்சல் வராத உடம்பு. ஒரு தாத்தா தன் பேரனுக்குக் காய்ச்சல் வர விடுவாரா? வருடா வருடம் அவன் இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று தொழில் அறிவால் அளந்து எழுதி, சட்டை தைத்து, அந்த வயதில் ஒருவனைத் தெருவில் தேடிப் பிடித்து அவனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தோள் இறக்கத்தைக் கூட விட்டுக்கொடுக்கவில்லை.

 சர்வேயரின் துப்பு முழுவதும் சரி. நம் ரத்தம் என்றார், சரி. மறைத்து வளர்த்தார் என்றார், அதுவும் சரி. உயிரோடு இருப்பவர்களைத்தான் அவருக்குச் சந்தேகப்படத் தெரியும், அதில்தான் தவறிப்போனது.

“பதினெட்டு வயசுல முப்பத்தஞ்சு” என்று படித்துக்கொண்டிருந்தாள் அக்கா. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. “ஒல்லியாத்தான் வளத்திருக்காரு. அவங்க அப்பா மாதிரி. இப்போ தோள் பதினேழரை. கத்தரி, பதினேழரைன்னா நல்ல ஆளாம்மா?”

“நல்ல ஆளு அண்ணி. வாசல்ல நின்னா நிறைஞ்சிருக்கும்.”

அக்கா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நோட்டை மேசைமேல் வைத்தாள்.

“நீ பேச வேண்டாம் தம்பி. இன்னைக்கு நான் பேசறேன். இந்தப் பக்கத்தை அப்படியே வாசிச்சாப் போதும்” என்று சொல்லிவிட்டு, புடவை மாற்ற உள்ளே போனாள்.

சர்வேயர் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் சத்தத்துக்குள் அவர் அழுவது கேட்டது.

கத்தரி நோட்டைக் கையில் எடுத்தாள். மனது நிறைந்திருந்தது. மாமனாரைப் பற்றி ஒரு நிமிடமேனும் ஐயப்பட்டதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. பக்கத்தை மூடப் போனவள், பின்தாளின் ஓரத்தில் மினுங்கிய அந்த ஸ்டேப்ளர் கம்பியைப் பார்த்தாள்.

மாமனார் வாழ்நாளில் ஸ்டேப்ளரைத் தொட்டதில்லை. எதையும் குண்டூசியால்தான் குத்துவார். கம்பி புத்தம் புதிது, துளி துரு இல்லை. வீட்டில் ஸ்டேப்ளர் வைத்திருப்பது ஒரே ஒருவர். விபத்துப் போட்டோக்களை ரிப்போர்ட்டோடு சேர்த்து அடிக்க, தோள் பையில் எப்போதும் வைத்திருப்பார்.

புடவைத் தலைப்பிலிருந்த ஊசியை எடுத்து, கம்பியை நெம்பினாள். தாள் பிரிந்தது.

பன்னிரண்டாம் பக்கம். இதிலும் தலையில் பெயர் இல்லை. ஆறே ஆறு வரிகள். முதல் வரி, மார்பு பத்தொன்பது. அடுத்த வருடம் இருபதே கால். அதற்கடுத்த வருடம் ஏறவே இல்லை. நாலாவது வருடம் இடுப்பு அரை இஞ்சு இறங்கி, ஐந்தாவது வருடம் இரண்டு இஞ்சு ஏறியிருந்தது. கடைசி வரி இந்த ஜனவரி. கட்டம் ஒன்று கூடக் காலி இல்லை.

அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இது மனதால் எழுதியது இல்லை. காய்ச்சலில் இளைத்து, தேறிச் சதை போட்ட ஒரு பிள்ளைக்கு நேரில் டேப் வைத்து எடுத்த அளவு. ஓரத்தில் மாமனாரின் கையெழுத்து: ‘இடது தோள் கால் இஞ்சு இறக்கம். வளர வளர அரை ஆகும். அப்பனுக்கும் அப்படித்தான் ஆனது.’

தன்னைப் போல் பிறரையும் நினை என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது இதற்காக இருக்காது. ஆனால் மூன்று நாளாக அவள் கணவர் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி சர்வேயர் வந்தார். “மணி நாலரை. கிளம்பலாமா?” என்றவர், பிரிந்திருந்த தாளைப் பார்த்தார். துண்டு கையிலேயே நின்றது.

கத்தரி அழவில்லை. கத்தவும் இல்லை. வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“இந்தப் பிள்ளைக்கு இப்போ என்னங்க வயசு?”

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “ரெண்டு பேரும் ரெடியா?”